கட்டுப்புழு: தூண்டிலுக்கு ஏற்ற பொருள்களைத் தெரிதல்

முன்னுரை

பெரும்போக மழை தொடங்கியதும் வயல் வரம்பிலும், எருக்குழி ஓரத்திலும், மரக்கறிப் பாத்தியிலும் மண்வெட்டியுடன் சிலர் நிற்பதைக் கமக்காரர் கண்டிருப்பர். அவர்கள் களை கொத்துபவர் அல்லர். தூண்டிலுக்கு மண்புழு தேடுபவர். அவருட் பெரும்பாலோர் நம் வீட்டுப் பிள்ளைகளே. ஒரு மாலைப் பொழுது மீன் பிடித்தற்கு ஒரு சிரட்டை புழு போதுமானது. ஆயினும் அச்சிரட்டையை நிரப்புதற்கு ஆறேழு அடி நீள வரம்பு கிளறப்படுகின்றது.

இதனால் விளையும் நட்டம் மூவகைப்பட்டது. முதலாவது, கிளறப்பட்ட வரம்பு அடுத்த மழையிற் கசிந்து உடைகின்றது. மலைநாட்டில் படிக்கட்டுப் பாத்திகளின் விளிம்பு தளர்ந்து மேல்மண் ஓடையிற் போய்ச் சேர்கின்றது. இரண்டாவது, மண்ணைப் பண்படுத்தும் உயிர் நிலத்தினின்று நீங்குகின்றது. மண்புழுவின் தொழிலை ஆராய்ந்த சாள்ஸ் டார்வின் 1881இல் வெளியிட்ட நூலில், இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கரில் ஆண்டொன்றுக்குப் பத்துத் தொன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடலூடாகச் சென்று மேலே வருகின்றது எனக் கணித்தார். கூலி கேளாத இவ்வேலையாளைத் தூண்டிலிற் கோத்து விடுதல் சிக்கனமாகாது. மூன்றாவது, புழுவை மண்ணோடு தகரப்பேணியில் இட்டு ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்லும்போது அம்மண்ணிலுள்ள நோயும் உடன்செல்கின்றது. தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு ஆகியவற்றைத் தாக்கும் பற்றீரியா வாடல் நோய் மண் வழியாகப் பரவுவது. மீன் பிடித்து முடிந்தபின் எஞ்சிய மண்ணைப் பிறர் தோட்டத்து ஓரத்திற் கொட்டிவிட்டு வருவோர் தாம் செய்வது இன்னதென அறியார்.

மீன் பிடித்தலை விட்டுவிடுக என்று இத்துண்டுப் பிரசுரம் கூறவில்லை. குளத்து மீன் கமக்காரர் குடும்பத்துக்கு நல்ல உணவு. ஓய்வு நேரத்துக்கு நல்ல பொழுதுபோக்கு. புழுவை மண்ணில் இருக்கவிட்டு, அதன் உருவில் ஒன்றைக் கையாற் கட்டிக்கொள்ளும் முறை உண்டு. அதற்கு வேண்டும் பொருள்களைத் தெரிந்தெடுப்பது எவ்வாறு என்பதே இங்கு விளக்கப்படுகின்றது.

1. கட்டுப்புழு என்பது யாது?

தூண்டில் முள்ளின்மீது நூல், இழை, கம்பி முதலியவற்றைச் சுற்றி மீனின் இரையைப் போன்ற உருவம் செய்தல் மேனாட்டார் நெடுங்காலமாகக் கையாண்டு வரும் கலை. முதலில் ஈ, பூச்சி முதலியவற்றின் உருவங்களே கட்டப்பட்டமையால் இவற்றுக்குப் பொதுவாகத் ‘தூண்டில் ஈ’ என்று பெயர் வழங்கலாயிற்று. புழுவின் உருவிற் கட்டப்படுவதும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. அதனை நாம் இங்குக் ‘கட்டுப்புழு’ என்போம்.

இவ்வகையுட் பெயர் பெற்றது ‘சான் வான் புழு’ என்பது. ஐக்கிய அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் ஓடும் சான் வான் ஆற்றின் பெயரால் இஃது வழங்கப்படுகின்றது. அவ்வாற்றின் குறுக்கே நவஹோ அணை 1962இல் கட்டி முடிக்கப்பட்டது. அணையின் அடியிலிருந்து வெளிவரும் நீர் ஆண்டு முழுதும் குளிர்ச்சியாக இருப்பதால், அதன் கீழுள்ள ஆற்றுப் பகுதி ட்ரவுட் மீனுக்கு ஏற்றதாயிற்று. ஆற்றடிச் சேற்றிலும் பாசியிலும் வாழும் சிறு செம்புழுக்கள் அம்மீன்களுக்கு இரையாகின்றன. அப்புழுக்களைப் போன்று கட்டப்பட்டதே சான் வான் புழு. ஒரு முள், ஒரு துண்டு இழை, சிறிது நூல் ஆகிய மூன்றே அதற்குப் போதும். இத்துணை எளிதாயிருத்தலின் புதிதாகப் பழகுவோர் முதலிற் கட்டுவதற்கு ஏற்றது.

நம் நாட்டிலும் இதற்கு இடமுண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானியத் தோட்டத்துரைமார் நுவரெலியாப் பகுதியின் குளிர்ந்த ஓடைகளில் ட்ரவுட் மீனை விட்டனர். வறண்ட வலயத்துக் குளங்களில் 1950களின் தொடக்கத்திற் கொணரப்பட்ட திலாப்பியா மீனும், கெண்டை இனங்களும் புழு போன்ற இரையைக் கவ்வும் இயல்புடையன.

2. புழு நீரில் எவ்வாறு இருக்கும்?

பொருளைத் தெரிவதற்கு முன்னர், அப்பொருள் எதனைப் போன்று இருத்தல் வேண்டும் என்பதை அறிதல் அவசியம். ஓர் உயிருள்ள மண்புழுவைக் கண்ணாடிப் போத்தலிலுள்ள தெளிந்த நீரிலிட்டுச் சற்று நேரம் கவனிக்குக. நான்கு செய்திகள் புலனாகும்.

முதலாவது, புழு மிதப்பதில்லை. மெதுவாகக் கீழே செல்கின்றது. இரண்டாவது, அது நீந்துவதில்லை. சுருள்வதும் நீள்வதுமாக இருக்கின்றது. ஓடும் நீராயின் நீரோட்டம் இழுத்த வழியே போகும். மூன்றாவது, அதன் உடல் முழுவதும் ஒரே பருமனன்று. இரு நுனிகளும் ஒடுங்கியிருக்கின்றன. நான்காவது, முதிர்ந்த புழுவின் தலைப்பக்கத்துக்கு அண்மையில் நிறம் வேறுபட்ட தடித்த பட்டை ஒன்று காணப்படுகின்றது.

கட்டுப்புழுவுக்கு எடுக்கும் ஒவ்வொரு பொருளையும் இந்நான்கு செய்திகளைக் கொண்டே மதிப்பிடல் வேண்டும். கடையில் மேசைமீது வைத்துப் பார்க்கும்போது அழகாகத் தோன்றுவது நீருள் அழகாக இருக்கும் என்பது நியதியன்று. உலர்ந்த நிலையிற் பருத்துப் பளபளப்பாக இருக்கும் இழை, நனைந்ததும் மெலிந்து தொங்கிவிடலாம். கையிற் சோர்ந்து கிடக்கும் தோல் நாடா நீரிற் பட்டதும் உயிர் பெற்றது போல நெளியலாம். ஆதலின், பொருளை நனைத்துப் பார்த்த பின்னரே தெரிந்தெடுக்குக. இப்பிரசுரம் முழுவதற்கும் இதுவே அடிப்படை.

இதனை எழுதுபவன் முதலிற் கட்டிய புழுவுக்குப் பழைய பசளைச் சாக்கின் இழையைப் பயன்படுத்தினான். செலவின்றிக் கிடைத்தது, சிவப்பு நிறமும் நன்றாக ஏறியது. குளத்தில் இட்டபோது அது வைக்கோற்றுரும்பு போல மேலே மிதந்துகொண்டு கரைக்கே திரும்பி வந்தது. சாக்கிழை நீரினும் இலேசானது என்பதை அன்று அறிந்துகொண்டான். கமக்காரர் அப்பிழையைத் தாமும் செய்து பார்க்கவேண்டியதில்லை.

3. பொருள்களின் பாரம்

ஒரு பொருள் மிதக்குமா, தாழுமா என்பதை அதன் அடர்த்தி தீர்மானிக்கின்றது. நீரின் அடர்த்தியை 1 எனக் கொண்டால், நாம் எடுக்கக்கூடிய பொருள்களின் அளவு ஏறக்குறைய வருமாறு:

பசளைச் சாக்கு இழை, அதாவது பொலிப்புரோப்பிலீன் — 0.9
இயற்கை இறப்பர் — 0.93
நைலோன் — 1.14
கம்பளி — 1.3
பொலியெஸ்தர் — 1.38
பருத்தி, றேயன் — 1.5
பித்தளை — 8.5
செம்பு — 8.9
ஈயம் — 11.3
தங்குதன் — 19

ஒன்றுக்குக் குறைந்தவை தாமாகத் தாழா. ஒன்றுக்குச் சற்று மேற்பட்டவை மெதுவாகத் தாழும். புழுவுக்கு வேண்டியது இதுவே. உலோகங்கள் விரைந்து தாழ்வன. அவற்றை உடலுக்கன்றி, ஆழத்துக்கு இறக்குவதற்காகச் சிறிதளவே சேர்த்தல் வேண்டும். பஞ்சுபோன்ற இழைகளுக்கிடையே காற்று தங்கியிருப்பின், அடர்த்தி கூடிய இழையும் சிறிது நேரம் மிதக்கும் என்பதையும் நினைவிற் கொள்க.

4. தூண்டில் முள்

முள்ளின் இலக்கம் கூடக்கூட முள் சிறிதாகும். சிற்றோடை ட்ரவுட்டுக்கு 12 அல்லது 14ஆம் இலக்கமும், குளத்துத் திலாப்பியாவுக்கும் கெண்டைக்கும் 8 அல்லது 10ஆம் இலக்கமும் ஏற்றவை. தண்டு நேராக உள்ள முள்ளைக் காட்டிலும் சற்று வளைந்த தண்டுடைய முள் நன்று. அதிற் கட்டப்படும் உடல் வளைந்து நிற்பதால் சுருண்ட புழுவைப் போலத் தோன்றும்.

முள்ளை வாங்கும்போது கூரை நகத்தின்மேல் வைத்து மெல்ல இழுத்துப் பார்க்குக. கூர் நகத்திற் பதிந்து நின்றால் முள் நன்று. வழுக்கிச் சென்றால் அது மழுங்கியது. கண்துளையின் வளையம் முழுவதும் மூடியிருத்தல் வேண்டும். இடைவெளி இருப்பின் தங்கூசி நழுவிவிடும். வளைத்தவுடன் நிமிர்ந்துவிடும் மெல்லிய முள்ளையும், வளைத்தவுடன் ஒடியும் முள்ளையும் விலக்குக.

முள்ளின் உட்புறத்திலுள்ள எதிர்முள்ளைக் குறட்டினால் நசுக்கித் தட்டையாக்கிவிடுதல் நல்வழக்கம். தங்கூசியைத் தளரவிடாது இழுத்தால் மீன் தப்பாது. சிறு மீனை ஊறின்றித் திரும்ப விடலாம். கையிலோ காலிலோ ஏறினாலும் முள்ளை எளிதில் எடுத்துவிடலாம்.

5. உடலுக்கான பொருள்

கட்டுப்புழுவின் சிறப்பும் குறையும் பெரும்பாலும் உடற்பொருளைப் பொறுத்தவை. ஆதலின் இப்பகுதியைச் சற்று விரிவாகக் காண்போம்.

(அ) செனில் இழை. இரண்டு நூல்களை முறுக்கி, அவற்றிடையே குறுகிய மயிர்போன்ற இழைகளைச் சுற்றிலும் நிற்கச் செய்தது செனில். பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்கு மயிர்க்கொட்டி என்பது பொருள். பார்த்தவுடன் பெயர்ப் பொருத்தம் விளங்கும். சான் வான் புழுவுக்கு வழக்கமாகப் பயன்படுவது இதுவே. செனிலில் இருவகை உண்டு. மயிர் நீண்டு ஐதாக நிற்பது ஒன்று. மயிர் குறுகி நெருக்கமாக நிற்பது மற்றொன்று. புழுவுக்கு இரண்டாவது வகையையே தெரிக. ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் பருமன் போதும். ஐதான வகை நனைந்ததும் நூலோடு ஒட்டி மெலிந்துவிடும். பல முறை எறிந்தபின் மயிர் உதிர்ந்து வெறும் நூலே எஞ்சும்.

செனில் எவ்வகை இழையாலானது என்பதும் முக்கியம். நைலோன் அல்லது பொலியெஸ்தராயின் அதன் நுனியைத் தீச்சுடரின் பக்கத்திற் காட்டியதும் உருகிச் சுருங்கி ஒடுங்கும். புழுவின் நுனியும் அவ்வாறே ஒடுங்கியதாதலின் இஃது இருவகையில் நன்மை: உருவம் பொருந்துகின்றது, நுனி பிரிந்து போகாமலும் நிற்கின்றது. றேயன் அல்லது பருத்தியாயின் நுனி எரிந்து சாம்பலாகும்; ஒடுங்காது. அத்தகைய இழையின் நுனியைப் பசையிற் தோய்த்து விரலால் உருட்டிக் கூராக்கலாம். எனினும் அது நெடுநாள் நில்லாது.

(ஆ) கம்பளி நூல். எங்கும் எளிதிற் கிடைப்பது, விலை குறைந்தது. நீரிற் சிறிது ஊறி மென்மையாகும். ஆனால் தனிநூலாக விட்டால் முறுக்கு அவிழ்ந்து பருத்துவிடும். இரண்டு அங்குல நீளத் துண்டை எடுத்து, முறுக்கு இறுகும் வரை திருகி, நடுவில் மடித்துவிட்டால் அது தானே முறுகி இரட்டைச் சரடாகும். அச்சரடு கணுக்கள் உள்ள புழுவின் உடலைப் போன்றிருக்கும். நனையாமல் நீரை விலக்கும் நூலை இளஞ்சூடான சவர்க்கார நீரிற் கழுவி எடுத்தால் அதன் நெய்ப்பசை நீங்கித் தாழும்.

(இ) மெல்லிய தோல். நன்கு பதனிட்ட மெல்லிய ஆட்டுத்தோலை 2 அல்லது 3 மில்லிமீற்றர் அகலமுள்ள நாடாவாக வெட்டிப் பயன்படுத்தலாம். இது நீரை உறிஞ்சி மிக மென்மையாகிச் சிறிய நீரோட்டத்திலும் நெளியும். அசைவில் இதற்கு இணையானவை சில. ஆயினும் உலர்ந்ததும் விறைத்துச் சுருங்கும். மீண்டும் பயன்படுத்துமுன் சற்று நேரம் ஊறவைத்தல் வேண்டும். ஈரத்தோடு மூடிவைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

(ஈ) இறப்பர் நாடா. நெளிவு நன்று; கிடைப்பதும் எளிது. ஆனால் வெறும் இறப்பர் மிதப்பது எனக் கண்டோம். பாரமின்றி இதனைக் கட்டுதல் பயனற்றது. வெயிலில் வெடித்துப் பிசுபிசுத்துப் போவது மற்றொரு குறை. வாரத்துக்கொரு முறை பார்த்து, வெடிப்புக் கண்டதைக் கழித்துவிடுக.

(உ) மென்பிளாத்திக்கு இழை. சிலிக்கோனைப் போன்று மிகமிக நெகிழ்ச்சியுள்ள வழுவழுப்பான இழைகள் இக்காலத்தில் விற்கப்படுகின்றன. நீருள் இவை அசைவதைப் பார்த்தால் உயிருள்ள புழுவென்றே தோன்றும். ஆயினும் கமக்காரருக்கு இதனை முதற்பொருளாக யாம் கூறோம். மெல்லிய நூலை இறுக்கிச் சுற்றினால் நூல் இவ்விழையை அறுத்துவிடும். சில வகைப் பசைகளும் பூச்சுகளும் இதனைக் கரைக்கும். வேறு பிளாத்திக்குப் பொருளோடு ஒன்றாக வைத்தால் உருகி ஒட்டிக்கொள்வதும் உண்டு. மீன் சில முறை கடித்ததும் வால் அறுந்து நீரிலேயே கிடக்கும், அது மக்குவதில்லை.

மேற்கூறிய ஐந்தினுள், முதன்முதற் கட்டுவோர் நைலோன் அல்லது பொலியெஸ்தர்ச் செனிலைத் தெரிக. அது கிடையாத இடத்திற் கம்பளி நூலைக் கொள்க.

6. கட்டும் நூல்

நூல் மெல்லியதாயும் வலியதாயும் இருத்தல் வேண்டும். தடித்த நூல் சிறு முள்ளில் முடிச்சாகக் குவிந்து புழுவின் இடையைப் பானைபோல ஆக்கிவிடும். 8 அல்லது 10ஆம் இலக்க முள்ளுக்குச் சாதாரண பொலியெஸ்தர்த் தையல் நூல் போதும். அதனினும் சிறிய முள்ளுக்கு மேலும் மெல்லிய நூல் வேண்டும். பருத்தி நூல் ஈரத்தில் நாளடைவில் உக்கிப்போகும். ஆதலின் அதனை விலக்குக.

நூலின் நிறம் உடலின் நிறத்தை ஒத்திருத்தல் பொதுவிதி. நடுவில் ஆறேழு சுற்று மட்டும் சற்று வெளிறிய நிறத்திற் சுற்றினால், முதிர்ந்த மண்புழுவின் பட்டையைப் போலத் தோன்றும்.

7. பாரப்பொருள்

ஆழமற்ற ஓடையிலும் குளத்து ஓரத்திலும் பாரம் தேவைப்படாது. செனிலும் முள்ளுமே மெதுவாகத் தாழ்வன. நீரோட்டம் மிகுந்த இடத்திலும், மூன்று அடிக்கு மேற்பட்ட ஆழத்திலும் சிறிது பாரம் வேண்டும்.

இதற்கு மெல்லிய செப்புக்கம்பியே சாலச் சிறந்தது. பழுதடைந்த சிறு மோட்டாரின் சுருளிலிருந்தோ, கழித்துவிட்ட மின்வடத்திலிருந்தோ இதனைப் பெறலாம். மின்னிணைப்பிலுள்ள எந்த வடத்தையும் தொடுதல் ஆகாது. முள்ளின் தண்டில் எட்டுப் பத்துச் சுற்றுச் சுற்றி, அதன்மேல் உடலைக் கட்டுக. பித்தளை மணி ஒன்றை முள்ளிற் கோத்து நடுவில் நிறுத்துதலும் உண்டு. தங்குதன் மணி மிகவும் பாரமானது, விலையும் கூடியது. நம் தேவைக்கு அது வேண்டியதில்லை.

ஈயத்தைப் பயன்படுத்தாதீர்கள். மென்மையானது, மலிவானது என்பதனாற் பலர் அதனை விரும்புவர். பல்லினால் ஈயத்தைக் கடித்து நசுக்கும் பழக்கமும் சிலரிடம் உண்டு. ஈயம் நஞ்சு, சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. நீரடியிற் கிடக்கும் ஈயக்குண்டைக் கல்லென எண்ணி விழுங்கும் நீர்ப்பறவைகளும் இறக்கின்றன. அக்காரணத்தால் பிரித்தானியாவில் 1987இல் பெரும்பாலான சிறு ஈயக்குண்டுகளின் விற்பனை தடைசெய்யப்பட்டது.

8. நிறம்

நாற்றுமேடையின் சேற்றை அள்ளி வெண்ணிறத் தட்டிற் கழுவிப் பார்த்தால் நூல்போன்ற செம்புழுக்களைக் காணலாம். அவற்றின் செந்நிறத்துக்குக் காரணம், நம் இரத்தத்திலுள்ளது போன்ற இரும்புச் சத்துள்ள நிறப்பொருள். ஒட்சிசன் குறைந்த சேற்றில் உயிர்வாழ அது உதவுகின்றது. மீன்கள் இப்புழுக்களை நன்கறியும். ஆதலிற் சிவப்பு முதல் நிறமாகும். மழைக்குப்பின் மண்ணிலிருந்து அடித்துவரப்படும் மண்புழுவைப் போலிருக்க மண்ணிறமும் இளஞ்சிவப்பும் வேண்டும்.

தெளிந்த ஓடையில் மண்ணிறமும், கலங்கிய நீரிற் கடுஞ்சிவப்பும் பயன்படுத்திப் பார்க்கலாம். நீரின் ஆழம் கூடும்போது சிவப்பே முதலில் மங்கிக் கருமையாகத் தோன்றும். ஆகவே ஆழத்தில் நிறத்தைப் பற்றி மிகக் கவலைப்படவேண்டியதில்லை. அங்கு உருவமும் அசைவுமே முக்கியம்.

9. வீட்டிற் செய்யத்தக்க நான்கு சோதனைகள்

பொருளை மிகுதியாக வாங்குமுன் ஒரு சாண் நீளம் மட்டும் பெற்றுப் பின்வரும் சோதனைகளைச் செய்க.

தாழும் சோதனை: ஓர் அங்குலத் துண்டை நனைத்து, விரலாற் பிழிந்து காற்றை வெளியேற்றிப் போத்தல் நீரில் இடுக. மிதப்பின் தள்ளுக. மெதுவாகத் தாழ்ந்தால் கொள்க.

அசைவுச் சோதனை: மூன்று அங்குலத் துண்டின் நடுவை நூலாற் கட்டி நீரில் தொங்கவிட்டுப் போத்தலை மெல்ல அசைக்குக. இரு நுனியும் நெளிந்தால் நன்று. கம்பிபோல விறைத்து நின்றாலும், கந்தல்போலத் தொங்கினாலும் நன்றன்று.

சாயச் சோதனை: துண்டை இளஞ்சூடான நீரிற் கால்மணி நேரம் ஊறவைத்து வெள்ளைத் துணியில் அழுத்துக. சாயம் துணியில் ஏறினால் அந்நிறம் இரண்டு நாளும் நில்லாது.

சுடர்ச் சோதனை: துண்டைக் குறட்டாற் பிடித்து, நுனியைச் சுடருக்கு அருகே கொண்டுசெல்க. உருகினால் நைலோன் அல்லது பொலியெஸ்தர். தாள்போல எரிந்து சாம்பலானால் பருத்தி அல்லது றேயன். மயிர் கருகும் மணம் வீசினால் கம்பளி. இதனை வைக்கோற் போரிலிருந்தும் மண்ணெண்ணெயிலிருந்தும் விலகிச் செய்க. உருகிய துளி கையிற் பட்டால் ஆழமாகச் சுடும். பிள்ளைகளிடம் இச்சோதனையை விடாதீர்கள்.

10. கட்டும் முறை

முள்ளைச் சிறு கிடுக்கியில் அல்லது குறட்டின் வாயில் இறுக்குக. குறட்டின் கைப்பிடியை இறப்பர் நாடாவாற் சுற்றினால் அது தானே பிடித்து நிற்கும். தண்டின் மீது நூலை நெருக்கமாகச் சுற்றி அடித்தளம் இடுக. வேண்டுமாயின் செப்புக்கம்பியைச் சுற்றுக. ஒன்றரை முதல் இரண்டு அங்குல நீளமுள்ள செனிலைத் தண்டின் மீது வைத்து, பின்புறம் ஒரு நுனியும் முன்புறம் ஒரு நுனியும் நீண்டிருக்குமாறு நடுப்பகுதியை நூலாற் கட்டுக. முடிச்சிட்டு, மேலே ஒரு துளி நகப்பூச்சு வைத்து, ஒருநாள் உலரவிடுக. கடைசியாக நுனிகளைச் சுடரிற் காட்டி ஒடுக்குக. முள்ளிற் கட்டியபின் சுடரிற் காட்டும்போது கட்டுநூல் கருகாதவாறு பார்த்துக்கொள்க.

உடலை நீளமாக விட்டால் நன்கு அசையுமென்று எண்ணி மூன்று நான்கு அங்குலம் விடுதல் பிழை. மீன் வாலை மட்டும் கடித்துவிட்டுப் போய்விடும். முள் அதன் வாயை எட்டாது.

11. பயன்படுத்தும் முறை

இதற்கென விலைகூடிய கோலும் உருளையும் வாங்கவேண்டியதில்லை. பத்துப் பன்னிரண்டு அடி மூங்கிற் கம்பும், ஏறக்குறைய அதே நீளமுள்ள தங்கூசியும் போதும். ஓடையில் மேற்பக்கமாக இட்டு, நீர் இழுத்த வழியே புழுவை விடுக, கையால் இழுக்காதீர்கள். புழு நீந்துவதில்லை என முன்னரே கண்டோம். குளத்தில் தக்கை கட்டி, அடிமண்ணுக்குச் சற்று மேலே நிற்குமாறு செய்து, இடையிடையே மெதுவாக உயர்த்தி இறக்குக.

கட்டுப்புழுவுக்கு மணமில்லை. மீன் வாயிலிட்டதும் பொய்யென உணர்ந்து உமிழ்ந்துவிடும். ஆகவே தங்கூசி சிறிது நின்றாலும், தக்கை சிறிது சாய்ந்தாலும் உடனே கம்பை உயர்த்தல் வேண்டும். மணத்தால் இரை தேடும் கெளுத்தி போன்ற மீன்களுக்கும், இரவு நேரத் தூண்டிலுக்கும் இஃது அத்துணை ஏற்றதன்று என்பதையும் கூறிவிடுதல் முறை.

12. எச்சரிக்கைகள்

நாம் வெறுங்காலுடன் வயலில் இறங்குபவர். வரம்பில் மறந்துவிட்ட ஒரு முள் களை பிடுங்கவரும் பெண்ணின் பாதத்தில் ஏறலாம். புழுக்களை எண்ணிக் கொண்டுசென்று எண்ணித் திரும்பக் கொணர்க. முள் ஆழமாக ஏறினால் தாமாக அறுத்து எடுக்காமல் வைத்தியசாலைக்குச் சென்று ஏற்பு நோய்க்கான ஊசியைப் பற்றியும் கேட்டறிக.

அறுந்த தங்கூசியை நீரோரத்தில் விடாதீர்கள். கொக்கு, நாரை முதலியவற்றின் காலிற் சுற்றி அவற்றைக் கொல்லும்.

கட்டுப்புழுக்களையோ நூலையோ கிருமிநாசினி இருந்த போத்தலிலும் பேணியிலும் வைக்காதீர்கள், கழுவினாலும் வைக்கலாகாது. வயலுக்கு மருந்து தெளித்தபின் வாய்க்காலில் மயங்கி மிதக்கும் மீனை உண்ணவும் வேண்டாம்.

நன்னீர் மீன்பிடி 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டத்துக்கு உட்பட்டது. குளத்தில் மீன்பிடிச் சங்கம் இருப்பின் முதலில் அச்சங்கத்தாரைக் கேட்குக. ஹோட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. அங்குத் தம் விருப்பப்படி தூண்டில் போடலாகாது.

13. சுருக்கம்

பொருளை உலர்ந்த நிலையிற் பார்த்துத் தெரியாதீர்கள். நனைத்துப் பார்த்துத் தெரிக. உடலுக்கு மயிர் குறுகிய செனில், இன்றேல் கம்பளி நூல், பாரத்துக்குச் செப்புக்கம்பி, கட்டுதற்கு மெல்லிய பொலியெஸ்தர் நூல், நிறம் சிவப்பும் மண்ணிறமும். சாக்கிழையும் ஈயமும் வேண்டா.

மழைநாள் மாலையில் பிள்ளைகளை மேசையைச் சுற்றி இருத்தி இத்தொழிலைப் பழக்குக. ஓர் அங்குல நூலும் ஒரு முள்ளும் கொண்டு கட்டிய புழு பல நாள் உழைக்கும். வரம்பும் உடையாது நிற்கும்; பாத்தியின் புழு தன் வேலையைப் பாத்தியிலேயே செய்துகொண்டிருக்கும். மேலும் விளக்கம் வேண்டுவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.